லிப்ட் மரத்தில் ஒரு பைக்குழல்

என் நாத்தனாரிடம் பைக்குழல் செய்யச் சொல்லி வருகிறவர்கள் முதலில் ஊதிக் காட்ட வேண்டும். எவ்வளவு நன்றாக ஊதுகிறார்கள் என்று பார்ப்பதற்கு அல்ல, எவ்வளவு ஈரமாக ஊதுகிறார்கள் என்று பார்ப்பதற்கு.

பைக்குழலைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அக்குளில் இடுக்கிக்கொள்ள ஒரு தோல் பை. அதில் காற்றை நிரப்ப ஒரு ஊதுகுழல். விரல்களால் துளைகளை மூடித் திறந்து வாசிக்க ஒரு பாட்டுக்குழல். தோள்மேல் சாய்ந்து நின்று ஒரே சுரத்தை விடாமல் ரீங்கரிக்கும் நீளமான சுருதிக் குழல்கள். பை தவிர எல்லாமே மரம். ஊதுகிறவரின் மூச்சு உள்ளே போகும்போது கூடவே ஈரமும் போகிறது. அது மரத்தில் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கி ஒரு நாள் வெடித்துவிடும்.

உலகத்தில் இரண்டே ஜாதிதான், ஈர வாய், உலர் வாய் என்பாள் அக்கா. நாத்தனாரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வருகிறவரிடம் ஒரு பழைய குழலைக் கொடுத்து, தான் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை ஊதச் சொல்வாள். பிறகு ஊதுகுழலைக் கழற்றி, நூலில் கட்டிய பருத்தித் துணியை அதன் வழியாக இழுத்தெடுத்து விரல்களுக்கிடையில் வைத்துப் பிசைந்து பார்ப்பாள். துணி நனைந்திருந்தால் கருங்காலிதான், பேச்சே கிடையாது. கருங்காலிக்கு ஈரம் பற்றிய கவலையில்லை. துணி காய்ந்திருந்தால் அக்காவின் முகம் மலர்ந்துவிடும். "உங்களுக்குப் பிடிச்ச மரம் எதுன்னாலும் கொண்டாங்க" என்பாள்.

பிடித்த மரம் என்று அவர்கள் கொண்டுவருவதுதான் வேடிக்கை. உடைந்த பியானோவின் மூடி, படகுத் துடுப்பு, இடித்த பள்ளிக்கூடத்தின் வாசற்படி, கட்டில் கால். எல்லாவற்றையும் பட்டறையில் கூரைவரை அடுக்கி, வெட்டுமுகத்தில் சாக்பீஸால் பெயர் எழுதிவைத்திருப்பாள். பட்டறை என்பது வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்தக் கட்டிய கொட்டகை. வண்டி இப்போது தெருவில் நிற்கிறது. குழல்களின் முனையில் மாட்டும் பூண்களுக்கு அவள் எதையும் விட்டுவைப்பதில்லை. மாட்டுக்கொம்பு, மூக்குக் கண்ணாடிச் சட்டம், பில்லியர்ட்ஸ் பந்து, பல்துலக்கும் பிரஷ்களின் வண்ணப்பிடிகளை ஒட்டிக் கடைந்த வளையம். "எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறவங்க வாசல்ல நின்னு சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்குங்க" என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார். அவர் அக்காவின் தம்பி. வேனில் சாமான் ஏற்றி இறக்குவது அவர் தொழில்.

பை தைப்பது என் வேலை. தோலை இரண்டாக மடித்து, மெழுகு நூலால், காற்று ஒரு பொட்டும் கசியாமல் தைக்க வேண்டும். மர அடுக்குக்குப் பின்னால் என் முக்காலி. வருகிறவர்களுக்கு நான் தெரியமாட்டேன், எனக்கு அவர்கள் தெரிவார்கள். புது ஆட்களோடு பேச எனக்கு வராது. பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனதற்கும் அதுதான் பெரிய காரணம்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல்தான். நாற்காலித் தொழிற்சாலையில் கால் கடைந்துகொண்டிருந்தவள். ஒரு நாள் பேண்ட் குழுக்காரர் ஒருவர், வேன் சக்கரத்தில் மாட்டி நசுங்கிய சுருதிக் குழலோடு அங்கே வந்து நின்றாராம். "நாற்காலிக் கால் மாதிரிதானே இருக்கு, ஒண்ணு கடைஞ்சு குடுங்களேன்." அக்கா அதை வாங்கிக் கண்ணருகில் வைத்து, உள்ளே ஓடிய துளை வழியாக ஜன்னலைப் பார்த்தாளாம். "அவ்ளோ நாளா மரத்துக்கு வெளியிலயே சுத்திக்கிட்டு இருந்தேன்மா. உள்ள ஒரு வழி இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலயே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வேலையை விட்டு வரும்போது மேஸ்திரி மட்டும் நம்பவில்லை. "ஊதறதை நம்பிப் பொழைக்க முடியாதும்மா. உன் மெஷின் இங்கயே நிக்கும், எப்ப வேணா வா" என்றாராம். அதன் பிறகும் அவ்வப்போது போன் செய்து "வர்றியா?" என்று கேட்பார். அக்கா சிரித்துவிட்டு வைத்துவிடுவாள்.

லிப்ட்காரர் வந்தது ஒரு சனிக்கிழமை. கம்பளியில் சுற்றிய நீள மூட்டை ஒன்றைத் தோளில் வைத்திருந்தார். லிப்ட் பழுது பார்ப்பவர், மாலையில் பேண்ட் குழுவில் வாசிப்பவர். வாசலில் வேன் கழுவிக்கொண்டிருந்த என் கணவரோடு சிரிக்கச் சிரிக்கப் பேசினார். லிப்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஜோடி கதவு திறப்பதற்குள் சண்டையும் போட்டுச் சமாதானமும் ஆன கதை எனக்கு உள்ளேவரை கேட்டது. சொன்ன வேகத்தில் எச்சில் தெறித்து என் கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

பிறகு பட்டறைக்குள் வந்தார். அக்கா கடைசலை நிறுத்திவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துத் தூசி தட்டினாள். மனிதர் பேச்சை எங்கோ தொலைத்துவிட்டார்.

"என்ன மரம் கொண்டாந்திருக்கீங்க?"

"லிப்ட்."

"லிப்டுன்னு ஒரு மரம் இருக்கா?"

"இல்லங்க மேடம்... லிப்டுக்கு உள்ள... பிடிச்சுக்கறது."

கம்பளியைப் பிரித்தார். பழைய கட்டடம் ஒன்றில் ஓடி ஓய்ந்த லிப்டின் கைப்பிடிகள், நல்ல கனமான வால்நட் மரம். எத்தனை பேர் கை பட்டதோ, பாலீஷ் இல்லாமலே மின்னியது. ஒரு டப்பாவில் மாடி எண்கள் பதித்த பித்தளைப் பொத்தான்கள். அக்கா ஒரு கைப்பிடியை எடுத்து விரல்முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள்.

"யாரு இதைத் தூக்கிப் போடச் சொன்னது? புத்தி இருக்கா அவங்களுக்கு?"

லிப்ட்காரர் தன்னையே திட்டியதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஊதச் சொன்னாள். ஊதினார். டீயை மெதுவாகக் குடித்துவிட்டு அக்கா துணியை இழுத்தாள். பிசைந்தாள், கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாள். வெயிலில் போட்டு எடுத்ததுபோல் மொடமொடவென்று இருந்தது.

"ஏம்மா, இங்க பாரேன்!" என்று அடுக்குக்குப் பின்னால் இருந்த என்னைக் கூப்பிட்டாள். "இப்படி ஒரு காஞ்ச வாயை நான் பார்த்ததே இல்ல. சார், உங்களுக்குப் பேப்பர்ல கூடக் குழல் செய்யலாம்."

லிப்ட்காரர் சிரிக்கப் பார்த்தார். மேலுதடு பல்லில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. வெளியே போனதும் குழாயடியில் குனிந்து இரண்டு கையாலும் தண்ணீர் குடித்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லத் தோன்றவில்லை. வெயில் என்று நினைத்துவிட்டேன்.

வேலை நிதானமாக நடந்தது. கைப்பிடிகளைத் துண்டு போட்டு, நடுவில் மெல்லிய துளை இட்டு, மரம் தன் இஷ்டத்துக்கு வளைந்து அடங்கட்டும் என்று வைத்துவிட வேண்டும். அடங்கியபின் மறுபடி துளையைப் பெரிதாக்க வேண்டும். இந்த ஓய்வுக் காலத்தில் யாரும் வந்து பார்க்க ஒன்றும் இல்லை. லிப்ட்காரர் வந்தார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு லிப்ட் வேலை. அப்படியே..."

பக்கத்துத் தெருவில் மாடி வீடே கிடையாது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. துளையூசியின் முனையைத் தீட்டியபடி, வால்நட் மரத்தின் வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார். மரத்தைப் பார்த்து ஆட்டவில்லை.

குழல் முடிந்தபோது நாங்கள் நால்வரும் சுற்றி நின்று பார்த்தோம். சுருதிக் குழல்களின் உச்சியில் பித்தளைப் பொத்தான்கள், ஒன்றில் மூன்றாம் மாடி, ஒன்றில் ஐந்தாம் மாடி. ஊதுகுழலின் பூணில் அபாய மணியின் சிவப்புப் பொத்தான். "இதை அமுக்கினா யாராவது வந்து காப்பாத்துவாங்களா?" என்று என் கணவர் கேட்டார். லிப்ட்காரர் "வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் காது சிவந்தார். அக்கா பூணில் படிந்த விரல்ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் வருவதற்குள் அந்தக் குழல் திரும்பி வந்துவிட்டது.

பாட்டுக்குழலில் மேலிருந்து கீழாக மயிரிழைபோல் ஒரு வெடிப்பு. ஒரு சுருதிக் குழலின் இணைப்பு உப்பி, திருகினால் திரும்பவில்லை. அக்கா அதை மடியில் வைத்து வெடிப்பின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். பிறகு பழைய குழலை நீட்டினாள். அவர் ஊதினார். துணியை இழுத்தாள். முன்னைவிடக் காய்ந்து வந்தது.

"உங்க வாயில தப்பு இல்ல" என்றாள்.

"மேடம், அது வந்து... நான்..."

"தப்பு என் கையிலதான். மரம் அடங்கறதுக்கு முன்னாடியே துளை போட்டிருக்கேன். இல்ல, மரமே எனக்குத் தெரியல."

அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரியும் சத்தம் எனக்குக் கேட்டது. கும்பிடு மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அக்கா அக்காவாக இல்லை. தன்னிடம் குழல் வாங்கியவர்களுக்கெல்லாம் போன் செய்தாள். "எங்கயாவது கீறல் இருக்கா? நல்லாப் பாருங்க, வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க." யாரும் இருக்கிறது என்று சொல்லவில்லை. "இன்னும் வெடிக்கல, அவ்ளோதான்" என்றாள் எங்களிடம். அடுக்கில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். முன்பெல்லாம் தட்டினால் ஏதோ கேட்கும் அவளுக்கு. இப்போது தட்டிவிட்டு அப்படியே வைத்துவிடுவாள்.

ஒரு நாள் கடைசல் மெஷின்மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினாள்.

"மேஸ்திரிகிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமையிலேருந்து. நாற்காலிக் கால்ல எவனும் ஊதப்போறதில்ல, வெடிக்கவும் வெடிக்காது."

"அப்போ இந்த மரமெல்லாம்?" என்றார் என் கணவர்.

"ஞாயித்துக்கிழமை வேன்ல ஏத்து. மரக்கடைக்காரன் விறகுக்கு எடுத்துக்கறேன்னான்."

என் கணவர் வாயில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும். அன்று வெறுமனே "சரிக்கா" என்றார். சாப்பிடும்போது என்னிடம் மட்டும், "அந்த வாசற்படியை நான் அறுக்க விடமாட்டேன். சீட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்சுருவேன்" என்றார்.

பை வேலை இல்லாதபோது மெத்தை உறையும் தைத்துக் கொடுப்பேன். வெள்ளிக்கிழமை, தைத்த உறைகளைக் கொடுக்க உயரமான ஒரு கட்டடத்துக்குப் போனேன். லிப்ட் கதவில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று அட்டை தொங்கியது. மாடிப்படி ஏறி உறைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மேலே எங்கிருந்தோ பைக்குழல் கேட்டது. பட்டறையில் பலர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். இது அப்படி இல்லை. தனக்குத் தானே பேசிக்கொள்கிறவர் தயங்காமல் பேசுவாரே, அப்படி இருந்தது. சத்தம் வந்த பக்கம் ஏறினேன்.

மொட்டைமாடியில் லிப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறை. கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு லிப்ட்காரர் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். அவர் முன்பு வைத்திருந்த கருங்காலிக் குழல் அது. பாட்டுக்குழலின் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் கை அகலத்துக்கு ஒரு நனைந்த வட்டம். பாட்டை முடித்து, ஊதுகுழலைக் கழற்றி, துணியை இழுத்தெடுத்தார். துணி துவைத்ததுபோல் ஒழுகியது.

என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன். "இது உங்க வாய்தானா?"

பதறி எழுந்தார். தலை மேல்குழாயில் இடித்தது. நான் யார் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மர அடுக்குக்குப் பின்னாலேயே இருக்கும் ஆள் அல்லவா நான்.

"தங்கச்சி... நீங்க அந்த... பை தைக்கிறவங்க."

நான் துணியையே பார்த்தேன். அவரும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் பொறந்ததுலேருந்தே ஈர வாய்தான். எங்க பேண்ட்ல என் பக்கத்துல நிக்கிறவன் குடை கேப்பான்."

"அப்போ எங்க வீட்டுல?"

"அதுதான் தெரியல. அந்தப் பட்டறை வாசப்படியைத் தாண்டினா வாயில மரத்தூள் கொட்டின மாதிரி ஆயிடுது. அவங்க தலைத்துணியை அவிழ்த்துட்டு நிமிர்ந்து பார்ப்பாங்களே, அவ்ளோதான், நாக்கு அசையாது."

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் குழலை எடுத்துக்கிட்டு வந்தேன். வாய் வந்தாத்தானே!" தலையில் இடிபட்ட இடத்தைத் தடவிக்கொண்டார். "நீங்க சொல்லிடாதீங்க தங்கச்சி. இந்த வயசுல சிரிப்பா சிரிச்சிருவாங்க."

"அக்கா தொழிலை விடப்போறாங்க" என்றேன். "மரத்தையெல்லாம் ஞாயித்துக்கிழமை விறகுக்குப் போடறாங்க."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.  தன் சாப்பாட்டு டப்பாவைத் துடைத்து, கையில் இருந்த ஈரத் துணியை அதற்குள் வைத்து மூடி என்னிடம் நீட்டினார்.

"காய்றதுக்குள்ள போங்க."

நான் நடக்கவில்லை, ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கா பட்டறையில் உளிகளுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் கணவர் அடுக்கிலிருந்து மரங்களை இறக்கிக்கொண்டிருந்தார், ஆமை வேகத்தில். நான் டப்பாவைத் திறந்து துணியை அக்கா கையில் வைத்தேன். பழக்க தோஷம், விரல்கள் தாமாகவே பிசைந்தன. தண்ணீர் மணிக்கட்டுவரை ஓடியது.

"சீ! யாரோட வாய் இது? ஆறு ஓடுது!"

"லிப்ட்காரரோடது" என்றேன்.

"போம்மா. அவருக்குத் துணி காஞ்சு வந்துச்சே. ரெண்டு தடவை பார்த்தேனே."

"இங்க காஞ்சு வருது. இன்னைக்கு மொட்டைமாடியில நான் பார்த்தேன், சொட்டுது. கருங்காலியிலதான் வாசிக்கிறாரு."

அக்கா துணியைப் பார்த்தாள், வெடித்த பாட்டுக்குழலைப் பார்த்தாள். அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து உள்ளே நோக்கினாள். ரொம்ப நேரம்.

"மேலேருந்து வெடிச்சிருக்கு. தண்ணி இறங்கற பக்கம்." அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. "அப்போ மரம் அடங்கித்தான் இருந்துச்சு! துளையும் சரி! டேய், மரத்து மேல தப்பே இல்லடா!"

என் கணவர் கையில் இருந்த துடுப்பைக் கீழே வைத்தார். அவருக்கு விஷயம் முழுவதும் எட்டிவிட்டது என்று முகம் சொன்னது. வாயெல்லாம் பல்.

"மரம் இருக்கட்டும்க்கா. ஊரெல்லாம் ஒழுகற மனுஷனுக்கு உன் முன்னாடி மட்டும் ஏன் வாய் காயுது?"

"காய்ச்சலா இருக்கும்."

"ரெண்டு தடவையுமா?"

"இங்க தூசி ஜாஸ்தி."

"பக்கத்துத் தெரு லிப்டும் தூசியிலதான் ஓடுதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்ல மாட்டேன் என்று லிப்ட்காரரிடம் நான் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனாலும் சொல்லவில்லை. தையல் ஊசியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். குனிந்தபடியே பார்த்ததில், அக்காவின் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

"மரத்தையெல்லாம் திரும்ப அடுக்குல ஏத்துடா" என்றாள் தம்பியிடம், அதட்டலாக. "பேச்சுதான் நீளமா இருக்கு உனக்கு." பிறகு போனை எடுத்து மேஸ்திரியிடம் பேசினாள். "இல்லங்க, வரல. ஆமா, வர்றேன்னுதான் சொன்னேன். இங்க ஒரு வேலை பாதியில நிக்குது." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "எப்ப முடியும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் லிப்ட்காரர் தானாகவே வந்து நின்றார், தண்டனைக்கு வந்த பிள்ளைபோல. அக்கா அவரை உட்கார வைத்தாள். திட்டுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினாள், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"பாட்டுக்குழலும் ஊதுகுழலும் கருங்காலியில புதுசா கடையறேன். மேல இருக்கற சுருதிக் குழல் உங்க லிப்ட் மரமாவே இருக்கட்டும், அங்க அவ்வளவா தண்ணி ஏறாது. ஆனா எவ்வளவு ஏறும்னு நான் பார்க்கணும். பார்த்தாத்தான் இணைப்பை எவ்வளவு தளர்த்தறதுன்னு தெரியும்."

"துணிதான் பார்த்துட்டீங்களே, மேடம்."

"அது மாடியில ஊதினது. எனக்கு எதிர்ல ஊதணும். முதல்ல இந்த மேடத்தை விடுங்க."

ஊதினார். என் கணவர் வேலை இருப்பதுபோல் வாசலிலேயே நின்றார். அக்கா டீயைக் குடித்து முடித்துத் துணியை இழுத்தாள். பிசைந்தாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள், அவரைப் பார்க்காமல். "நாளைக்கு வாங்க."

"நாளைக்கும் காஞ்சு இருந்தா?"

"நாளன்னிக்கு வாங்க."

"சரிங்க" என்றார் லிப்ட்காரர். அது சத்தமாகவும் தெளிவாகவும் வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். நான் பைக்கான தோலை எடுத்து விரித்து, அளவு குறிக்கத் தொடங்கினேன்.